பதினேழு துணிகள்

அன்பு மகளுக்கு, அம்மா எழுதுவது.

அப்பா நலமாக இருக்கிறார். நான் நலமாகிக்கொண்டு வருகிறேன். நீயும் உன் வீட்டுக்காரரும் உன் வயிற்றில் இருக்கிற உயிரும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும், எந்நேரமும் எங்களுக்கு அதே நினைப்புதான். இத்தனை நாள் எழுதிய கடிதங்களில் எல்லாம் முதல் வரியில் நாங்கள் இருவரும் நலம் என்று எழுதிவந்தேன், அதில் பாதி பொய், ஆனால் பொய் என்று எனக்கே தெரியாது. இருபத்தேழு வருடம் ஒரே மாதிரி கிடந்தால் அதையே நலம் என்று நினைத்துக்கொள்ளத் தோன்றும் போலிருக்கிறது. இந்தக் கடிதம் நீளமாக இருக்கும், பாதியில் மடித்து வைத்துவிடாதே. மூன்று நாள் வேலைக்கு வராதே என்று மேற்பார்வையாளர் எழுதிக் கொடுத்துவிட்டார், ஏன் என்று பின்னால் சொல்கிறேன், அதனால் பட்டப்பகலில் சமையலறை மேஜையில் உட்கார்ந்து எழுதுகிறேன். எதிர்வீட்டுக்காரர் துடைத்த ஸ்கூட்டரையே துடைத்துக்கொண்டிருக்கிறார். அவருக்கும் யாரோ வேலைக்கு வராதே என்று எழுதிக் கொடுத்திருப்பார்கள்.

உனக்கு எட்டாம் மாதம் என்று அப்பா சொல்லித்தான் எனக்குத் தெரியும். நீ போனில் அவரிடம் சொன்னதையும் கேட்டேன், அவர் ஸ்பீக்கரை அணைப்பதற்குள் காதில் விழுந்துவிட்டது. "அம்மாவ அலைய விடாதீங்கப்பா, அவங்களால ஒரு குழந்தைய பத்து நிமிஷம் பாத்துக்க முடியாது, எனக்குத் தெரியாதா" என்றாய். அப்பா என் முகத்தைப் பார்க்காமல் திருகாணியைத் தேடுவது மாதிரி மேஜைக்கு அடியில் குனிந்துகொண்டார். நீ சொன்னதில் தப்பே இல்லை, நீ பார்த்ததைச் சொன்னாய். அதை மறுக்க இதை எழுதவில்லை. நீ பார்த்தது என்ன என்று எனக்கே எட்டு மாதத்துக்கு முன்னால்தான் தெரியவந்தது, உன் பிரசவத்துக்கு முன்னால் அது உனக்கும் தெரிந்தாக வேண்டும், அதனால் எழுதுகிறேன்.

நான் வேலை செய்கிற இடத்துக்கு நீ சின்ன வயதில் ஒரே ஒரு தடவை வந்திருக்கிறாய், மூக்கைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடிவிட்டாய். இன்றைக்கும் அப்படியேதான் இருக்கிறது. ஆஸ்பத்திரியின் அடித்தளம், ஜன்னல் கிடையாது, நாலு துவைக்கும் இயந்திரம், தண்ணீரைப் பிழிந்தெடுக்கிற சுழல் இயந்திரம் ஒன்று, சூடான இஸ்திரி உருளை, மூலையில் மேல் மாடிகளிலிருந்து அழுக்கு மூட்டைகள் வந்து விழுகிற தகரக் குழாய். என் தலைக்கு மேல் நாலு மாடி நிறைய டாக்டர்கள். இருபத்தொன்பது வருடமாக அவர்களுடைய கோட்டைத் துவைக்கிறேன், யாருக்குக் கழுத்து அதிகமாக வியர்க்கும், யாருடைய பேனா கசியும் என்று எனக்கு அத்துப்படி, என் முகத்தைத் தெரிந்த டாக்டர் ஒருத்தர் கிடையாது. ஊழியர்களுக்கான சின்ன அறையில் வாரத்துக்கு ஒரு டாக்டர் வந்து உட்காருவார். எத்தனையோ தடவை போனேன். உடம்பு குளிருகிறது, எழுந்து நிற்க முடியவில்லை, மாதவிலக்கு நின்றே போய்விட்டது, புருவ முடி உதிர்கிறது என்று சொல்வேன். இரும்புச் சத்து மாத்திரை கொடுப்பார்கள். ஒருவர் என் அட்டையில் வேலை செய்ய விருப்பமில்லாதவர் என்று எழுதி வைத்தார், அது என்ன நோய் என்று நான் கேட்கவில்லை. உன் அத்தை வீட்டிலேயே அதைக் கண்டுபிடித்து வைத்திருந்தாள். "மகாராணிக்கு உடம்பு வளையாது" என்பாள். சொல்லிக்கொண்டேதான் உனக்குப் புட்டிப்பால் கரைத்தாள், அவள் இல்லாவிட்டால் நீ பிழைத்திருக்க மாட்டாய், அதையும் சொல்லத்தான் வேண்டும்.

எட்டு மாதத்துக்கு முன்னால் அந்த அறைக்குப் புதிதாக வந்தவர் ரத்தம் எடுத்துப் பார்த்துக் கழுத்தில் இருக்கிற தைராய்டு சரியாக வேலை செய்யவில்லை என்று மாத்திரை கொடுத்தார். பெரிய சந்தோஷம், ஒருவழியாக ஏதோ ஒன்றுக்குப் பெயர் வைத்துவிட்டார்கள் என்று. மூன்றாவது வாரம் நெஞ்சு படபடத்தது, வாந்தி, இஸ்திரி உருளைக்குப் பக்கத்தில் விழுந்துவிட்டேன். கஞ்சியக்காதான் என்னை உருளையில் கை படாமல் இழுத்துப் போட்டாள். டாக்டர்களின் கோட்டுக்குக் கஞ்சி போடுகிறவள், நான் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து கூட இருக்கிறவள், நீயும் அவளைக் கஞ்சியக்கா என்றுதான் கூப்பிடுவாய். துணி ஏற்றுகிற வண்டியில் என்னைப் போட்டு மேலே கொண்டுபோனார்களாம். துணிகள் போகிற லிஃப்டில், ஆட்கள் போகிற லிஃப்டில் இல்லை.

கண் விழித்தபோது ஒரு ஒல்லியான பெண் டாக்டர் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள். நோயாளியின் கட்டிலில் டாக்டர் உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை, நின்றுகொண்டுதான் பேசுவார்கள். கடைசிப் பிரசவம் எப்போது என்று கேட்டாள், இருபத்தேழு வருடம் என்றேன். "அன்னைக்கு ரத்தம் நிறைய போச்சாம்மா? அதுக்கப்புறம் பால் வந்துச்சா?" என்று கேட்டாள். வரவில்லை, ஒரு சொட்டு வரவில்லை என்றேன். அவள் பேனாவை மூடி வைத்துவிட்டு என்னையே பார்த்தாள். மகளே, இருபத்தேழு வருடத்தில் அந்தக் கேள்வியை யாராவது ஒருத்தர் கேட்டிருந்தால் போதும். அவ்வளவு சின்னக் கேள்வி.

அவள் எனக்குப் புரியும்படி ஒரு காகிதத்தில் படம் போட்டுக் காட்டினாள், அதைப் பத்திரமாக வைத்திருக்கிறேன். மூளைக்குக் கீழே, மூக்குக்குப் பின்புறம், குதிரை முதுகில் போடுகிற சேணம் மாதிரி எலும்பில் ஒரு சின்னக் குழி. அதில் பட்டாணி அளவுக்கு ஒரு சுரப்பி உட்கார்ந்திருக்கிறது, பெயர் பிட்யூட்டரி. உடம்பு முழுக்க அது சொல்கிறபடிதான் நடக்கிறது. உடம்பின் அடுப்பு எவ்வளவு வேகத்தில் எரிய வேண்டும் என்று கழுத்துச் சுரப்பிக்கு ஒரு ஹார்மோனை அனுப்பும். சிறுநீரகத்தின் மேல் தொப்பி மாதிரி இரண்டு சுரப்பி இருக்கிறதாம், காலையில் எழுந்திருக்கிற தெம்பையும் ஓர் அதிர்ச்சி வந்தால் தாங்குகிற பலத்தையும் அவை தர வேண்டும், அவற்றுக்கு ஒன்றை அனுப்பும். சினைப்பைக்கு ஒன்று, மார்பில் பால் ஊறுவதற்கு ஒன்று, உடம்பில் எவ்வளவு தண்ணீரை நிறுத்திவைக்கலாம் என்று சிறுநீரகத்துக்கு ஒன்று. அனுப்பிவிட்டுச் சும்மாவும் இருக்காது. அந்தச் சுரப்பிகள் பதிலுக்கு ரத்தத்தில் விடுகிறது எவ்வளவு என்று பார்த்துக்கொண்டே இருக்கும், போதும் என்றால் குறைக்கும், போதவில்லை என்றால் கூட்டும். பிள்ளைத்தாய்ச்சியாக இருக்கும்போது அது கிட்டத்தட்ட இரண்டு மடங்காகப் பெரிதாகிவிடுமாம், பால் கொடுக்கத் தயாராவதற்காக. ஆனால் அதற்குப் போகிற ரத்தக் குழாய்கள் மெல்லியவை. பிரசவத்தில் ரத்தம் கொட்டி அழுத்தம் விழுந்தால் ரத்தம் கிடைக்காமல் முதலில் சாகிறது அதுதான். உனக்காகப் பெரிதாகியிருந்தது, நீ பிறந்த அன்றைக்கே செத்துப் போயிருக்கிறது. ஸ்கேனில் காட்டினார்கள். சேணம் இருக்கிறது, அதில் உட்கார்ந்திருந்தது இல்லை, வெறும் தண்ணீர் நிரம்பிக் கறுப்பாகத் தெரிகிறது.

தைராய்டு மாத்திரையால் ஏன் விழுந்தேன் என்றும் சொன்னாள். உடம்பை மட்டும் வேகப்படுத்திவிட்டார்கள், அந்த வேகத்தைத் தாங்குகிற ஹார்மோன் என்னிடம் இல்லை. அந்தத் தொப்பிச் சுரப்பிகள் தர வேண்டியதற்குப் பதிலாக முதலில் ஸ்டீராய்டு, பிறகுதான் தைராய்டு, வரிசை மாறினால் உயிருக்கே ஆபத்தாம். நான் ஒன்றே ஒன்று கேட்டேன், மற்ற உறுப்பெல்லாம் கெட்டுப்போய்விட்டதா என்று. "எல்லாம் நல்லாத்தான்மா இருக்கு. உத்தரவு வரல, உக்காந்திருக்கு" என்றாள். எனக்குச் சிரிப்பு வந்தது, பிறகு ஆத்திரம் வந்தது. உத்தரவு வராததால் உட்கார்ந்திருந்தவர்களைப் போய் இத்தனை பேர் சேர்ந்து சோம்பேறி என்று திட்டியிருக்கிறீர்களே. மேலே ஒருத்தன் செத்துக் கிடக்கிறான், கீழே இருக்கிறவள் முதுகில் அடி விழுகிறது. இந்த ஆஸ்பத்திரியும் அப்படித்தான் நடக்கிறது, என் உடம்பும் அப்படித்தான் நடந்திருக்கிறது. அப்பா அந்தப் படத்தை ரொம்ப நேரம் பார்த்தார். உனக்குத் தெரியுமே, லிஃப்டு பழுது பார்க்கிற மனுஷனுக்கு எல்லாம் லிஃப்டுதான். "மோட்டார் நல்லா இருந்திருக்கு, கயிறு நல்லா இருந்திருக்கு, மேல போர்டுதான் போயிருக்கு. இருபத்தேழு வருஷமா நான் மோட்டாரத் திட்டிக்கிட்டு இருந்திருக்கேன்" என்றார்.

இப்போது விழித்ததும் ஒரு மாத்திரை, மத்தியானம் அரை, தைராய்டுக்கு ஒன்று, சாகிறவரைக்கும். காய்ச்சல் வந்தால் இரண்டு மடங்கு, ஒரு நாளும் நிறுத்தக் கூடாது, பையில் ஒரு அட்டை வைத்திருக்கிறேன், நான் விழுந்தால் என்ன ஊசி போட வேண்டும் என்று அதில் எழுதியிருக்கிறது. நாலாவது நாள் காலையில் சோப்பின் வாசனை தெரிந்தது. சோப்பில் வாழ்கிற எனக்கு அதன் வாசனை எப்போது போனது என்று தெரியாது. ஒரு மாதத்தில் நெற்றியில் வியர்த்தது, கையால் தொட்டுப் பார்த்து நக்கிப் பார்த்தேன், உப்புக் கரித்தது. எல்லாரும் நினைப்பது போல அதற்குப் பிறகு நன்றாக இருந்தது என்று எழுத ஆசைதான். ஆனால் தெம்பு வந்ததும் கூடவே ஒன்று வந்துவிட்டது. சுழல் இயந்திரம் வேகம் எடுக்கும்போது ஒரு கீச்சுச் சத்தம் போடும், எப்போதும் போடுவதுதான். ஒருநாள் காலை பதினோரு மணிக்கு அது ஒரு குழந்தை அழுவது மாதிரி கேட்டது. மாதிரி என்ன, குழந்தைதான். உன் குரல். நான் இயந்திரத்தை நிறுத்தி மூடியைத் திறந்து ஈரப் போர்வைகளை ஒவ்வொன்றாக இழுத்து வெளியே போட்டேன். கஞ்சியக்கா என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள்.

அந்த அழுகை எனக்குப் புதியது இல்லை, அப்போதும் காதில் விழுந்துகொண்டுதான் இருந்தது. நீ முன்னறையில் அழுவாய், நான் பின்னறைக் கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்திருப்பேன். எழுந்திரு என்று எனக்கு நானே சொல்வேன், அது காலுக்குப் போய்ச் சேராது. பிறகு உன் அத்தையின் செருப்புச் சத்தம் கேட்கும், அழுகை நின்றுவிடும். அது நின்றதும் எனக்கு நிம்மதியாக இருக்கும், அந்த நிம்மதியைத்தான் இப்போது என்னால் மன்னிக்க முடியவில்லை. அந்தக் கட்டிலை அப்பா போன மாதம் கழற்றிப் பழைய சாமான்காரரிடம் கொடுத்துவிட்டார். இடம் காலியாகத்தான் இருக்கிறது, ஆனாலும் நான் துணி மடிக்க அந்த அறைக்குள் போனால் சுவரைப் பார்த்து ஒருத்தி படுத்திருக்கிறாள். அவளுக்கு என் முதுகு. எழுந்திருடீ, பிள்ளை அழுகிறது என்று ஒருநாள் வாய்விட்டுச் சொல்லிவிட்டேன். அப்பா மட்டும் என்ன, கட்டில் இருந்த இடத்தைச் சுற்றிக்கொண்டுதான் இன்றைக்கும் ஜன்னலுக்குப் போகிறார்.

உனக்கு ஒன்பது வயதில் ஒருநாள். பள்ளிக்கூடத்துக்கு நேரமாகிவிட்டது, சீப்பையும் ரிப்பனையும் வைத்துக்கொண்டு என் முன்னால் வந்து திரும்பி நின்றாய், பின்னல் போட்டுவிடச் சொல்லி. நான் கையைத் தூக்கினேன், பாதியில் நின்றுவிட்டது. நீ நின்றுகொண்டே இருந்தாய். உன் கழுத்தின் பின்புறத்தில் ஒரு மச்சம், அதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். பிறகு நீ போய்க் கத்தரிக்கோலை எடுத்து வந்து, என் முன்னாலேயே, உன் முடியை நீயே வெட்டினாய். அழவில்லை. நானும் தடுக்கவில்லை. குப்பையைப் பெருக்கிவிட்டுப் போ என்று சொன்னேன். இன்றுவரை நீ முடி வளர்க்கவில்லை, போட்டோவில் பார்க்கிறேன். ஐந்து வருடத்துக்கு முன்னால் நீ விமானம் ஏறிய அன்று நான் வரவில்லை, ஒரு காலில் மட்டும் செருப்பைப் போட்டுக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்திருந்தேன், அப்பா வந்து அந்தச் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு உன்னை வழியனுப்பப் போனார். அம்மாவுக்கு என்னைப் பிடிக்காது என்று காரில் அவரிடம் சொன்னாயாம். அவர் இதை எனக்குப் போன மாதம்தான் சொன்னார்.

இப்போது என் கவலை இதுதான். மாத்திரை போட்ட பிறகு உன்னை நினைத்து அழுகிறேன், உன் மச்சம் நினைவுக்கு வருகிறது. அப்படியென்றால் இந்தப் பாசம் என்னுடையதா, மாத்திரையுடையதா? டாக்டரிடமே கேட்டுவிட்டேன். "பாசத்துக்கெல்லாம் மாத்திரை இல்லம்மா, எழுந்து போய்த் தூக்குறதுக்குத்தான் இருக்கு" என்றாள். அவள் இளையவள், ஆறுதலுக்குச் சொல்லியிருப்பாள், எனக்குத் தெரியாது. என் குற்றம் இல்லை என்று எல்லாரும் சொல்கிறார்கள், சரி. ஆனால் குழந்தை அழுதது, அம்மா எழுந்து வரவில்லை, அது நடந்தது. இரண்டையும் சேர்த்தே உன்னிடம் சொல்கிறேன், ஒன்றை வைத்து இன்னொன்றைக் கழுவ எனக்கு மனம் வரவில்லை.

நான் மேலே படுத்திருந்தபோது இரண்டாம் நாள் கஞ்சியக்கா பார்க்க வந்தாள். இந்த டாக்டர் கேட்ட கேள்வியைச் சொன்னேன். நீ பிறந்த அன்று ரத்தம் ரொம்பப் போகவில்லையாம், இதே ஆஸ்பத்திரியின் பழைய பதிவேட்டில் ரத்தப்போக்கு இயல்பு என்றுதான் எழுதியிருக்கிறது, எடுத்துப் பார்த்துவிட்டார்கள் என்றேன். அவள் சட்டென்று நாற்காலியிலிருந்து எழுந்து சுவர்ப்பக்கம் போய் நின்றுகொண்டாள். "பதினேழுடீ" என்றாள். எனக்குப் புரியவில்லை. "பதினேழு துணி. நான்தான் ரெண்டு பையில கட்டித் தூக்கிட்டு ஓடினேன். துணி துவைக்கிறவ பெத்தா வார்டே நாறுதுன்னு சொல்லிடுவாளுங்களேன்னு ஓடினேன். நர்சு வந்து பாக்கிறப்ப படுக்கை பளிச்சுன்னு இருந்துச்சு, இயல்புன்னு எழுதிட்டுப் போயிட்டா. கீழ நாலு தண்ணி மாத்தினேன், சிவப்புப் போகல. நீ மறுநாள் கண்ணத் திறந்த, சரி பொழைச்சிட்டன்னு விட்டுட்டேன்" என்றாள். அன்று வார்டுக்கு அதிகாரிகள் ஆய்வுக்கு வருகிற நாள். ஆய்வு இல்லாவிட்டாலும் அங்கே அதுதான் வழக்கம், பிரசவ வார்டின் துணி கண்ணில் படாமல் உடனே குழாயில் இறங்கிவிட வேண்டும், பெரிய டாக்டர் சுற்றி வரும்போது எல்லாம் வெள்ளையாக இருக்க வேண்டும். மிகச் சுத்தமான வார்டு என்று ஒரு பலகை வாசலிலேயே மாட்டியிருக்கிறார்கள். அன்று மத்தியானம் எனக்கு மயக்கம் வந்தபோது ஒரு டாக்டர் பதிவேட்டைப் பார்த்தாராம், இயல்பு என்றிருந்ததாம், உப்புத் தண்ணீர் ஒரு பாட்டில் ஏற்றிவிட்டுப் போனாராம். படுக்கையைப் பார்த்து எழுதியவள் ஒருத்தி, எழுதியதைப் பார்த்து வைத்தியம் செய்தவர் ஒருவர், என்னைப் பார்த்தவர் யாரும் இல்லை. துணியை எடை போட்டிருந்தாலே தெரிந்திருக்கும் என்றாள் ஒல்லி டாக்டர். காய்ந்த துணியின் எடையைக் கழித்தால் மிச்சம் ரத்தம், ஒரு கிலோ கூடுதல் என்றால் ஏறக்குறைய ஒரு லிட்டர், அவ்வளவுதானாம்.

கஞ்சியக்கா அழுதாள். என்னைத் திட்டுடீ என்றாள். திட்ட எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது? மந்தம் என்று பெயர் வாங்கினாலும் கறை எடுப்பதில் அங்கே என்னை மிஞ்ச ஆள் கிடையாது. ரத்தக்கறைக்குப் பச்சைத் தண்ணீர்தான் போட வேண்டும், வெந்நீர் போட்டால் உறைந்து பிடித்துக்கொள்ளும், புதிதாக வருகிறவர்களுக்கு நான்தான் சொல்லிக் கொடுப்பேன். இருபத்தொன்பது வருடம். சில மூட்டை கையில் எடுத்ததுமே கனக்கும், இது அதிகம் என்று கைக்குத் தெரியும், ஆனால் கனக்கிறது என்று யாரிடம் சொல்வது, எதற்குச் சொல்வது, தண்ணீரைத் திறந்துவிடுவேன். எத்தனை பெண்களின் ரத்தத்தைத் தடம் தெரியாமல் வெளுத்து மடித்து மேலே அனுப்பியிருக்கிறேன் என்று இப்போது நினைத்துப் பார்க்கிறேன். அவர்களும் வீட்டுக்குப் போயிருப்பார்கள், யாரோ ஒரு அத்தை மகாராணி என்றிருப்பாள். இப்போதெல்லாம் குழாயிலிருந்து மூட்டை விழுகிற சத்தம் கேட்டால் என் முதுகுக்குப் பின்னால் அவர்கள் வந்து வரிசையாக நிற்கிறார்கள். ஒன்றும் கேட்பதில்லை. நிற்கிறார்கள், அவ்வளவுதான்.

அதனால் வேலைக்குத் திரும்பிய முதல் வாரமே இயந்திரத்தில் போடும் துணியை நிறுக்கிற தராசை இழுத்துவந்து குழாயின் வாய்க்குக் கீழே வைத்துவிட்டேன். பிரசவ வார்டின் மூட்டை விழுந்தால் முதலில் எடை, துணியை எண்ணிக் காய்ந்த எடையைக் கழித்து ஒரு சீட்டில் எழுதி மேலே அனுப்புவோம். கஞ்சியக்கா எண்ணுவாள், நான் எழுதுவேன். வார்டின் தலைமை நர்சு முதல் சீட்டைக் கசக்கிக் குழாயிலேயே திருப்பிப் போட்டாள். இரண்டாவதற்குக் கீழேயே இறங்கி வந்துவிட்டாள். "துணி துவைக்கிறவ எனக்கு ரத்தம் பாக்கக் கத்துத் தர்றியா" என்றாள். ஆமாம் என்றேன். அவளையும் முழுக்கக் குற்றம் சொல்ல முடியாது, ஒருத்தி பதினாறு கட்டிலைப் பார்க்கிறாள், மேலிருந்து அவளுக்கும் விழுகிறது. மேற்பார்வையாளர் கூப்பிட்டு எச்சரித்தார், அவரவர் வேலையை அவரவர் பார்க்க வேண்டும் என்றார். நான் என் வேலையைத்தான் பார்க்கிறேன், துணி என் வேலை என்றேன்.

போன திங்கட்கிழமை காலை ஒரு மூட்டை விழுந்தது. சத்தத்திலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. பன்னிரண்டு துணி, காய்ந்த எடையைக் கழித்தால் ஒன்றரைக் கிலோ கூடுதல். சீட்டு எழுதவில்லை. மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு படியேறினேன், மூன்று மாடி, நான், உன் அம்மா, பின்னலுக்குக் கை தூக்க முடியாதவள். பெரிய டாக்டர் ஏழெட்டுப் பேரோடு சுற்றி வந்துகொண்டிருந்தார். நடு வார்டில் அந்த வெள்ளைத் தரையில் மூட்டையை அவிழ்த்துப் போட்டேன். இது எந்தக் கட்டில் என்று கேட்டேன். யாரோ வெளியே போ என்று கத்தினார்கள். அந்தக் கூட்டத்தில் நின்ற ஒல்லி டாக்டர் மட்டும் மூன்றாவது கட்டிலுக்கு ஓடினாள். அங்கே ஒரு பெண் தூங்குவது மாதிரி படுத்திருந்தாள், உதடு காகிதம் போல இருந்தது, பதிவேட்டில் இயல்பு. பிறகு திரையை இழுத்துவிட்டார்கள், ஒரே ஓட்டம், ரத்தப் பை வந்தது, இரண்டு, மூன்று. என்னை யாரோ கையைப் பிடித்து வெளியே கொண்டுபோய் விட்டார்கள். மத்தியானம் கடிதம் வந்தது, வார்டைக் களங்கப்படுத்தியதற்காக மூன்று நாள் வேலைக்கு வரக்கூடாது என்று. களங்கமாம். அதை அப்பா சட்டம் போட்டு மாட்டப் போகிறாராம்.

இனி உனக்குச் சொல்ல வேண்டியது. பயப்படாதே, இது பரம்பரையாக வருகிற நோய் இல்லை, டாக்டரிடம் மூன்று தடவை கேட்டுவிட்டேன். ஆனால் ரத்தம் யாருக்கு வேண்டுமானாலும் போகும், பெரிய ஊர், கண்ணாடிக் கட்டடம் என்று நம்பிவிடாதே, அங்கேயும் யாராவது பளிச்சென்று இருக்க வேண்டும் என்று அவசரப்படுவார்கள். உன் வீட்டுக்காரரிடம் இப்போதே சொல்லி வை, துணிகளை நிறுத்துப் பார்த்தீர்களா என்று அவர் வாய் திறந்து கேட்க வேண்டும், கூச்சப்படக் கூடாது. மூன்று நாலு நாளாகியும் பால் ஊறவே இல்லை என்றாலும், எழுந்திருக்க முடியாமல் சுவரைப் பார்த்துப் படுக்கத் தோன்றினாலும் சொல்லிவிடு, டாக்டரிடம் சொல், அவர் கேட்காவிட்டால் இன்னொருவரிடம் சொல். சோம்பல் என்று எவராவது சொன்னால் என்னிடம் போனைக் கொடு.

நான் வரட்டுமா என்று கேட்கவில்லை. அது உன் வீடு, நீ கூப்பிட்டால்தான் வருவேன், கூப்பிடாவிட்டாலும் வருத்தப்பட மாட்டேன் என்று பொய் சொல்லவும் மாட்டேன். ஒன்றை மட்டும் சொல்லி முடிக்கிறேன். நீ பிறந்தபோது மூன்று கிலோ நூறு கிராம், அட்டையில் இருக்கிறது. இன்று காலை அப்பா தன் கருவிப் பையை நிறுக்கிற கொக்கித் தராசை எடுத்தேன், துவாலைகளைச் சேர்த்துக் கட்டி, ஒன்றைக் கூட்டி ஒன்றைக் குறைத்து, சரியாக மூன்று கிலோ நூறுக்குக் கொண்டுவந்தேன். பதினோரு மணிக்கு அதைக் கையில் ஏந்திக்கொண்டு நடந்தேன், முன்னறையிலிருந்து சமையலறை, அங்கிருந்து பின்னறை. கட்டில் இருந்த இடத்தில் சுற்றிப் போகாமல் நேராகவே நடந்தேன். அவள் படுத்திருந்தால் பார்க்கட்டும் என்று. அரை மணி நேரம் ஆகியிருக்கும், அப்பா வந்தார், பார்த்தார், என்ன இது என்று கேட்கவில்லை. இரண்டு கையையும் நீட்டி, "கொடு, நீ உக்காரு, உனக்கு முடியாது" என்றார்.

நான் கொடுக்கவில்லை.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போது கஞ்சியக்கா போன் செய்தாள். மூன்றாவது கட்டில் பெண்ணுக்குப் பால் வந்துவிட்டதாம், பிள்ளை விடாமல் குடிக்கிறதாம். அவள் போய்க் கண்ணால் பார்த்துவிட்டு வந்துதான் சொல்கிறாள்.

நீ நல்லபடியாகப் பெற்றுப் பிழைத்து, உன் பிள்ளை அழும்போது எழுந்து போக உன் காலில் தெம்பு இருக்க வேண்டும், அதைத்தான் உனக்கு ஆசீர்வாதமாகத் தருகிறேன். உன் வீட்டுக்காரருக்கு எங்கள் அன்பைச் சொல். அந்தக் கேள்வியை மறக்காமல் கேட்கச் சொல், துணியை நிறுத்தீர்களா என்று. பதில் எழுத முடியாவிட்டால் அப்பாவுக்கே போன் செய், ஸ்பீக்கரை அணைக்க வேண்டாம் என்று அவரிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
உன் அம்மா